பத்தாயிரத்து எழுபத்தொன்பது

“டீச்சரம்மா, இந்த எண் அமையாது. என்னை வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்றார் வைரக்கண்ணு.

டீச்சர் கிணற்றடியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எத்தனை குறையுது?”

“ஒண்ணு.”

“நேத்து?”

“நேத்தும் ஒண்ணு.”

“அனுப்ப நான் யாரு அண்ணே? உங்களை யாரு புடிச்சு வச்சிருக்கா?” என்று சொல்லிவிட்டு டீச்சர் அடுத்த மீனை எடுத்தார்.

வைரக்கண்ணு உள்ளே போய்ப் புன்னைக் காய்களைச் சாக்கில் அள்ள ஆரம்பித்தார். மறுபடி முதலிலிருந்து அடுக்குவதற்குத்தான். அவரால் போக முடியாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயம்தான் காரணம் என்று அன்றைக்குச் சொல்லியிருப்பேன்.



வேதாரண்யத்துக்குத் தெற்கே, கைவிட்ட உப்பளத்தை ஒட்டி, ஒரு பழைய உப்புக் கிடங்கு இருந்தது. இப்போது இல்லை. போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது அந்த இடத்தில் இறால் குட்டை வெட்டியிருந்தார்கள். கரையில் நின்று ஒரு பீடி பிடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். மனசு கேட்கவில்லை.

தொண்ணூறு அடி நீளம், சிமெண்டுத் தரை. தரை முழுக்க மெல்லிசாகக் கடல் மணல் பரப்பியிருக்கும். அங்கேதான் தையல்நாயகி டீச்சர் இருந்தார். கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், முப்பத்தாறு வயதில் வேலையை விட்டுவிட்டு வந்தாராம். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் அன்றைய மீன் விலையைப் பற்றிப் பேசுவார்.

படிக்க வந்தவர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். உத்தியோகம் முடித்தவர்கள், வியாபாரத்தை விட்டவர்கள். மனசை விட்டுப் போகாத ஓர் எண்ணோடு வருவார்கள். அது என்ன எண்ணாகவும் இருக்கலாம். டீச்சர் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டார்.

பாதையோரத்துப் புன்னை மரங்களுக்கு அடியில் காய்ந்த காய்கள் கொட்டிக் கிடக்கும். எண்ணுக்குத் தக்கபடி நாமே பொறுக்கி வர வேண்டும். பிறகு தரையில் வரிசை வரிசையாக அடுக்க வேண்டும். எல்லா வரிசையிலும் ஒரே அளவு காய் இருக்க வேண்டும். மிஞ்சவும் கூடாது, குறையவும் கூடாது. அப்படி வந்துவிட்டால் எண் அமைந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

காகிதத்தில் வகுத்துப் பார்க்கக் கூடாது. கணக்குத் தெரிந்தவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது.

இன்னொரு சட்டமும் உண்டு. எல்லாக் காயையும் ஒரே வரிசையாக வைத்துவிட்டு அமைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அது ஏமாற்று வேலை. எந்த எண்ணைத்தான் ஒரே வரிசையாக வைக்க முடியாது?



என் பெயர் சிங்காரவேலு. பஸ் கண்டக்டராக இருந்தவன். பதினான்கு வருஷம் நான் ஓடிய வண்டியின் எண் 4913. வண்டியை உடைக்க அனுப்பிய பிறகும் அந்த எண் கனவில் வந்துகொண்டிருந்தது. அதைத்தான் கொண்டுபோனேன்.

மூன்றாவது வாரத்தில் அமைந்துவிட்டது. பதினேழு வரிசை, வரிசைக்கு இருநூற்று எண்பத்தொன்பது. டீச்சர் வந்து பார்த்தார். ஒரு வரிசையை எடுத்துத் தனியாக வைத்து, அதையும் அடுக்கிப் பார்க்கச் சொன்னார். அதுவும் பதினேழு வரிசையாக, வரிசைக்குப் பதினேழாக அமைந்தது. பதினேழு பதினேழு பதினேழு. பதினான்கு வருஷம் டிக்கெட் கிழித்த வண்டிக்குள் இப்படி ஒரு விஷயம் இருந்ததா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு அந்த எண் கனவில் வரவில்லை.

அன்றைக்கே ஊருக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அங்கே மீன் குழம்பு நன்றாக இருக்கும். சமையலில் கூடமாட ஒத்தாசையாக இருக்கிறேன் என்று சொல்லித் தங்கிவிட்டேன்.

நான் போனபோது அங்கே ஒரு நர்ஸம்மா இருந்தார். தான் பார்த்த பிரசவங்களின் எண்ணிக்கையைக் கொண்டுவந்திருந்தார், 2310. இரண்டாக வைத்தாலும் மூன்றாக வைத்தாலும் அமைந்தது, ஐந்து, ஏழு, பதினொன்று எல்லாவற்றிலும் அமைந்தது. முதல் நாளே முடிந்துவிட்ட வேலையை ஒரு வாரம் வைத்து விளையாடிவிட்டுப் போனார். அவர் சிரிப்பு கிடங்கு முழுக்கக் கேட்கும். அந்தச் சிரிப்பை இன்றைக்கு ஒரு தடவை கேட்டால் போதும் போலிருக்கிறது.

எல்லோரும் வந்தார்கள், அமைந்தது, போனார்கள். வைரக்கண்ணுதான் இரண்டு வருஷமாக இருந்தார்.



ஆயக்காரன்புலத்தில் டீக்கடை வைத்திருந்தவர். அவர் டீ போடுவார், அவர் மனைவி கோகிலம் வடை சுடுவார். கல்யாணத்தன்று காலையில் தாலி கட்டிவிட்டு, சாயங்காலம் கடையைத் திறந்துவிட்டாராம். வழக்கமாக வருகிறவர்கள் டீக்கு எங்கே போவார்கள் என்று கவலை. புதுப்பெண் கல்யாணப் புடவையோடு கடைக்கு வந்தார். இரவு கடை அடைக்கும்போது சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பில் குத்தும் கம்பியில் குத்தி வைத்தார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கடை அடைக்கும்போது ஒரு தாள். கம்பி நிறைந்தால் அடுத்த கம்பி. வடை மடிக்கக் காகிதம் இல்லாத நாளில்கூட அந்தத் தாள்களைத் தொட விடமாட்டாராம்.

பிள்ளைகள் இல்லை. இருபத்தேழு வருஷம் ஏழு மாசம் இரண்டு பேரும் அடுப்படியிலேயே நின்றார்கள்.

கோகிலம் போன பதினாறாம் நாள், காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய பிறகு, வைரக்கண்ணு எல்லாக் கம்பிகளையும் இறக்கித் தாள்களை எண்ணினார். மூன்று தடவை எண்ணினார். மூன்று தடவையும் பத்தாயிரத்து எழுபத்தொன்பது.

அதன் பிறகு அவரால் கடை திறக்க முடியவில்லை. டீ ஆற்றும்போது எண் வந்து நிற்கும். பால் பொங்கி வழியும். ஒரு வருஷம் அப்படி இருந்து பார்த்துவிட்டு, யாரோ சொல்லிக் கேட்டுக் கிடங்குக்கு வந்துவிட்டார். இந்த எண் அமைந்தால் திரும்பிப் போய் அடுப்புப் பற்ற வைப்பேன், அமையாவிட்டால் கடையைக் கொடுத்துவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். கடை போய்விட்டால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது.



அவருடைய காய்கள் இரண்டு சாக்கு. காலையில் ஆரம்பித்தால் ஓர் அடுக்கு முடியச் சாயங்காலம் ஆகும்.

பத்து வரிசையாக வைத்தார். ஒன்பது வரிசை நிறைந்தது, பத்தாவதில் ஒரு காய் குறைந்தது. பன்னிரண்டு வரிசை வைத்தார். கடைசியில் ஒன்று குறைந்தது. பதினான்கு, பதினைந்து, பதினாறு, எல்லாவற்றிலும் ஒன்று. தரையில் நீளம் போதாதென்று சின்ன எண்களைக் கையால் அள்ளிப் பார்த்தார். இரண்டிரண்டாக, மூன்றுமூன்றாக, நாலுநாலாக என்று பத்து வரைக்கும் எண்ணினார். ஒவ்வொன்றிலும் கடைசிக் கைப்பிடியில் ஒரு காய் இல்லை.

பதினொன்றில் மூன்று மிஞ்சியது. பதின்மூன்றில் நாலு மிஞ்சியது. அதெல்லாம் அவரை உறுத்தவில்லை. ஒன்று குறைவதுதான் அவரை அரித்தது. சாயங்காலத்தில் கடைசி வரிசையின் முனையில், அந்தக் காலி இடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வரமாட்டார்.

நூறு வரைக்கும் பார்த்துவிட்டார். நூறுக்கு மேல் வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நூறுக்கு மேல் வரிசை வைத்தால் வரிசைக்கு நூறு காய்கூட வராது, அதைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஏற்கெனவே வைத்துப் பார்த்ததுதானே என்றார். வைரக்கண்ணு தலையாட்டினார். நூறு முடிந்ததும் மறுபடி இரண்டிலிருந்து தொடங்கினார்.

எனக்கு டீச்சர் மேல் கோபம் வந்தது. இந்த எண் அமையுமா அமையாதா என்று கல்லூரியில் கணக்கு நடத்தியவருக்குத் தெரியாதா? ஒரு நாள் கேட்டேவிட்டேன். தெரியும் என்றார். எப்போதிலிருந்து என்றேன். அவர் வந்த அன்றைக்கே என்றார்.  அன்றைக்குக் குழம்பில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார்.



கிணற்றடியில் வைரக்கண்ணு அப்படிக் கேட்ட மறுநாள் சாயங்காலம், அடுக்கிய காய்களைச் சாக்கில் அள்ளி வைத்துவிட்டு அவர் குளிக்கப் போயிருந்தார். சாக்குகள் சுவரோரம் இருந்தன.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிறார்கள். ஒரே ஒரு காய் போட்டு ஒரு மனுஷனை வீட்டுக்கு அனுப்பக் கூடாதா என்று நினைத்தேன். வெளியே போய்ப் புன்னை மரத்தடியில் ஒரு காயைப் பொறுக்கி வந்து சாக்கில் போட்டு நன்றாகக் கலக்கிவிட்டேன். பின்னால் என்ன வரும் என்று நான் யோசிக்கவில்லை. இரக்கத்தில் செய்தேன். பாதி எரிச்சலில் செய்தேன் என்றும் சொல்ல வேண்டும்.

மறுநாள் அவர் அறுபது வரிசை வைத்தார். சாயங்காலம் கிடங்கில் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தேன். கடைசி வரிசையின் முனையில் கையை வைத்தபடி மண்டியிட்டிருந்தார். நூற்று அறுபத்தெட்டு காய்கள், அறுபது வரிசையிலும். காலி இடம் இல்லை.

என்னைப் பார்த்ததும் அழுதார். “கண்டக்டரே, சாக்கு மூலையில எங்கேயோ ஒரு காய் மாட்டிக்கிட்டுக் கிடந்திருக்கு. ரெண்டு வருஷமா நான் கவனிக்கலை பாருங்க” என்றார்.

அடுத்த நாள் எழுபது வரிசை வைத்தார். அமைந்தது. எழுபத்திரண்டு, எண்பது, எண்பத்துநாலு, தொண்ணூறு, எல்லாம் அமைந்தன. நர்ஸம்மாவின் எண்ணெல்லாம் இதற்கு முன்னால் நிற்க முடியாது. பத்தாயிரத்து எண்பது அப்படிப்பட்ட எண். அதை எழுபத்திரண்டு எண்கள் மீதியில்லாமல் வகுக்கும் என்று டீச்சர் பிற்பாடு சொன்னார். அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாதாம்.

அந்த வாரம் முழுக்கத் திருவிழாதான். வைரக்கண்ணு எங்களுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அந்த டீயை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். 

சனிக்கிழமை, தொண்ணூற்றாறு வரிசை அமைந்ததும், “டீச்சரம்மாவைக் கூப்பிடுங்க, சொல்லிட்டுக் கிளம்புறேன்” என்றார்.



டீச்சர் வந்தார். வரிசைகளுக்கு நடுவே நடந்தார். குனிந்து ஒன்றையும் தொடவில்லை. முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

“நல்லா இருக்குது அண்ணே” என்றார். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். முன்னாடி இல்லாத ஒரு காய் வந்திருக்குது. அது எந்த நாள்?”

வைரக்கண்ணு முகத்திலிருந்த சிரிப்பு இறங்க வெகுநேரம் ஆனது.

பிறகு அவர் கீழே உட்கார்ந்து வரிசைகளைப் பார்க்க ஆரம்பித்தார். ஒவ்வொரு வரிசையாக நகர்ந்தார். இரண்டு வருஷமாக அவர் கை பட்டுப் பட்டுக் காய்கள் எல்லாம் வழவழவென்று மின்னும். அரைமணி நேரத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார். முப்பத்தோராவது வரிசையில், சொரசொரவென்று, இன்னும் காம்பு ஒட்டிக்கொண்டிருந்த காய்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான்தான் போட்டேன் என்று சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“கண்டக்டர் போட்டதுன்னாலும், இது எந்த நாள்னு எனக்குத் தெரியும் டீச்சரம்மா” என்றார் வைரக்கண்ணு.

அன்றைக்குத்தான் அதைச் சொன்னார். பழைய பாய்லர் ஒழுகிக்கொண்டிருந்ததாம். தஞ்சாவூரில் புதிது வாங்கலாம் என்று ஒரு சாயங்காலம் பஸ் ஏறினார். அன்றைய தாளைக் கோகிலம் வழக்கம்போல் இரவு கிழித்துக் குத்தியிருக்கிறார். மறுநாள் பூராவும் தனியாகவே கடையைப் பார்த்துக்கொண்டார். டீயும் போட்டு, வடையும் சுட்டு. கடைசி பஸ்ஸில் இவர் பாய்லரோடு வந்து இறங்கியபோது கடை வாசலில் கூட்டம் நின்றது. கோகிலத்தை பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். சுவரில் அன்றைய தாள் கிழிக்காமல் இருந்தது.

இருபத்தேழு வருஷத்தில் அவர் கோகிலத்தின் முகத்தைப் பார்க்காத பகல் அது ஒன்றுதான்.

“அந்தத் தாளை நான் எண்ணலை. எப்படி எண்ணுறது, நான்தான் இல்லையே. ஆனா அந்த ஒரு நாளை வச்சுக்கிட்டா எல்லாம் சரியா வருது டீச்சரம்மா. எப்படி வச்சாலும் வருது. நீங்களே பார்த்தீங்க.” காயை நீட்டினார். “வச்சுக்கட்டுமா?”

நான் டீச்சரைப் பார்த்தேன். வச்சுக்கங்க என்று சொல்லிவிடுங்களேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

டீச்சர் கிடங்கின் மறுகோடிக்கு நடந்தார். அந்தப் பக்கம் உப்பளத்தைப் பார்த்த பெரிய மரக்கதவு ஒன்று இருந்தது. உப்பு ஏற்றிய காலத்துக் கதவு. நாங்கள் யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. டீச்சர் கல்லால் தட்டி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு திறந்துகொண்டது. வெளியே வரப்பு நேராகப் போனது, கடல் பக்கமாக, கண்ணுக்கு எட்டிய மட்டும்.

திரும்பி வந்து முதல் வரிசையிலிருந்து ஒரு காயை எடுத்தார். வாசற்படிக்கு வெளியே, வரப்பின் தொடக்கத்தில் வைத்தார்.

“இது?”

வைரக்கண்ணுக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு, “கல்யாண நாள்” என்றார்.

டீச்சர் ஒதுங்கி வழிவிட்டார்.

“டீச்சரம்மா, ஒரே வரிசை செல்லாதே.”

“யாரு சொன்னா?”

வைரக்கண்ணு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கு அந்த நர்ஸம்மா சொன்னார். அவருக்கு முன்னால் இருந்தவர் சொல்லியிருப்பார். டீச்சர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. நாங்களே ஒரு சட்டத்தைப் போட்டுக்கொண்டு, அதற்கு நாங்களே காவலும் இருந்திருக்கிறோம்.

“மத்த எண்ணுக்கெல்லாம் வேற வழி இருக்குது அண்ணே” என்றார் டீச்சர். “இதுக்கு இது ஒண்ணுதான்.”

பள்ளிக்கூடத்தில் பகா எண் என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டிருப்பேன்.

வைரக்கண்ணு கையிலிருந்த புதுக்காயைப் பார்த்தார். என் பக்கம் வந்து அதை என் உள்ளங்கையில் வைத்தார். “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க கண்டக்டரே” என்றார். பிறகு மற்றக் காய்களைச் சாக்கில் அள்ளினார்.



நான் மண்வெட்டிக் காம்பால் வரப்பின் நடுவே கோடு இழுத்துக்கொண்டே போனேன். கோட்டுப் பள்ளத்தில் அவர் காய்களை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தார். சாக்கை நான்தான் நகர்த்தினேன். இரண்டு பகல் ஆயிற்று.

வைக்கும்போது பேசினார். இரண்டு வருஷம் தரையில் அடுக்கியபோது அவர் ஒரு நாளைப் பற்றிக்கூடப் பேசி நான் கேட்டதில்லை. மூன்றாவது காயிலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குக் கோகிலம் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டிவிட்டாராம். எட்டு பேர் உப்பு டீயைக் குடித்துவிட்டு, புதுப்பெண் என்று ஒன்றும் சொல்லாமல் போயிருக்கிறார்கள்.

புயல் அடித்துக் கூரை போனது ஒரு காய். மறுநாள் குடை பிடித்துக்கொண்டே கோகிலம் வடை சுட்டது அடுத்த காய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைக்காகப் போய் வந்த நாள்களை வைக்கும்போது பேச்சு நின்றுவிட்டது.  அதைத் தாண்டி ஒரு நூறு காய் போன பிறகுதான் மறுபடி வாய் திறந்தார்.

ஆனால் இப்படியான காய்கள் கொஞ்சம்தான். மற்றதெல்லாம், “இது சும்மா நாள்” என்றபடி வைத்தார். “இதுவும் சும்மா நாள். இதுவும்.” பால் வந்தது, டீ போட்டோம், வடை சுட்டாள், தூங்கினோம். நூறு, இருநூறு, ஐந்நூறு என்று சும்மா நாளாகவே போயிற்று. அந்தச் சும்மா நாள்களை வைக்கும்போது அவர் முகம் இருந்த விதத்தை என்னால் சொல்ல முடியாது. எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்தது. என் மனைவி உயிரோடு ஊரில்தான் இருந்தாள். நான் இங்கே மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்று உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சாக்கின் அடியைத் தட்டினோம். ஒரு காய் வந்தது. நாங்கள் கிடங்கிலிருந்து கால் கிலோமீட்டர் வந்திருந்தோம்.

அந்தக் காயை அவர் உடனே வைக்கவில்லை. அன்றைக்குக் கோகிலம் புளிச்சோறு கட்டிக்கொடுத்தாராம். பஸ் வரைக்கும் வந்து, பாய்லரில் பித்தளைக் குழாய் பார்த்து வாங்குங்க, போன தடவை மாதிரி ஏமாந்து வராதீங்க என்று சொல்லியிருக்கிறார். பஸ் கிளம்பியதும் திரும்பிப் பார்க்காமல் கடைக்கு ஓடியிருக்கிறார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததாம்.

காயைப் பள்ளத்தில் வைத்தார்.

டீச்சர் வரப்பில் நடந்து வந்து சேர்ந்தார். வரிசையை அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார்.

“எத்தனை குறையுது அண்ணே?”

வைரக்கண்ணு வரிசையோரமாகவே திரும்பி நடந்தார். கிடங்கு வாசல் வரைக்கும் போய், முதல் காயின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதே வழியில் மெதுவாக, ஒவ்வொன்றையும் பார்த்தபடி வந்தார். 

“குறையலை டீச்சரம்மா” என்றார். “இவ்வளவு இருந்துச்சு.”